அரிய பெயர் தேடும் பெற்றோருக்கு: எந்த வழி எங்கே இடறும்?

பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். பெயரை அவ்வளவு அவசரமாக வைத்தாக வேண்டியதில்லை. மருத்துவமனையில் கேட்கிறார்களே என்று கடைசி நிமிடத்தில் எதையோ எழுதிக் கொடுப்பவர்களில் பலருக்கு இது தெரியாது. தமிழ்நாட்டில் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை 200 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயர் பிடிக்கவில்லை என்று போனால், பதிவாளர் வேறு பெயராக மாற்றித் தர மாட்டார். எழுத்துப்பிழைக்குத்தான் அங்கே வழி உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் செல்லும் என்றாகிவிட்டது. பின்னால் வரும் ஆதார், பள்ளி, பாஸ்போர்ட் எல்லாமே அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுதப்படும். ஆகவே யோசிக்க ஓர் ஆண்டு இருக்கிறது, யோசிக்காமல் எழுதிவிட்டால் திரும்ப வழி குறுகல்.

எல்லோரும் வைக்கும் பெயர் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் ஆறு வழிகளில் ஒன்றில் போகிறார்கள். சங்க இலக்கியம், புதிதாகப் புனையும் பெயர், நட்சத்திர எழுத்து, எண் கணிதம், வீட்டுப் பெரியவர் பெயர், தலைவர் பெயர். இவை ஒன்றோடொன்று கலக்கும். நட்சத்திர எழுத்தில் தொடங்கும் புனைபெயரை எண் கணிதப்படி நீட்டி எழுதும் வீடுகளே அதிகம்.

முதலில், ஒரு பெயர் அரிதா இல்லையா என்று எப்படி அறிவது? சொந்தபந்தத்தில் யாருக்கும் இல்லை என்பது அளவுகோல் ஆகாது. நம் வயதுக்காரர்களின் பெயர்கள் முப்பது ஆண்டுக்கு முந்தைய வழக்கத்தைத்தான் காட்டும். பார்க்க வேண்டியது இன்றைய எல்.கே.ஜி. வருகைப்பதிவை. பக்கத்துப் பள்ளியின் ஆண்டுவிழா அழைப்பிதழ் கிடைத்தாலும் போதும். யாழினி, கவின், நிலா, மகிழன் எல்லாம் ஒருகாலத்தில் புருவத்தை உயர்த்த வைத்த பெயர்கள். இன்று வகுப்பில் இரண்டு யாழினி இருந்தால் ஆசிரியர் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுகிறார். நல்ல பெயர்கள்தான், அரிதானவை அல்ல.

சங்க இலக்கியத்திலிருந்து எடுப்பது

அரிதாகவும் இருக்க வேண்டும், நாளைக்கு யாரும் ‘இது என்ன மொழி’ என்று கேட்கவும் கூடாது என்பவர்களுக்கு இதுதான் மேலான வழி என்பது எங்கள் கணிப்பு. 1916-ல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னால் திராவிட இயக்க மேடைகளில் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அப்போது புதுமையாக ஒலித்த பெயர்கள் இரண்டு தலைமுறையில் சாதாரணமாகிவிட்டன. ஆனால் இலக்கியத்தில் இன்னும் தொடாத பெயர்கள் ஏராளம்.

வள்ளல்கள் எழுவரையே எடுத்துக்கொள்வோம். பாரி, அதியன் இரண்டும் இன்றைக்கும் குறையில்லாதவை; சிறியவை, உரக்கக் கூப்பிடலாம், தமிழிலும் ஆங்கிலத்திலும் சிக்கல் இல்லை. நள்ளி யாரும் வைக்காத பெயர், வைக்கத் தகுந்த பெயர். ஓரியும் அப்படியே; கொல்லிமலைப் பக்கத்துக்காரர்களுக்கு வல்வில் ஓரியைச் சொன்னால் போதும், விளக்கவே வேண்டாம். காரியில் கொஞ்சம் யோசிக்க வேண்டும், ‘காரித் துப்புவது’ பள்ளி மைதானத்தில் உடனே நினைவுக்கு வரும். ஆய் வேண்டவே வேண்டாம். அந்த வள்ளலின் பெயர் பிடித்திருந்தால் ஆய் அண்டிரன் என்ற முழுப்பெயரின் பின்பாதியை எடுத்து அண்டிரன் என்று வைக்கலாம். பேகன் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் வேறு ஏதோ ஒரு சொல்லாகத்தான் படிப்பார்கள்.

பெண் பெயர்களில் அங்கவை, சங்கவை இரண்டும் பாரி மகளிர் பெயராகப் புகழ்பெற்றவை. ஆனால் ‘அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்’ என்ற புறநானூற்று 112-ஆம் பாட்டைப் பாடியவர் பெயர் ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே அங்கே இருக்கிறது. அங்கவை, சங்கவை என்பன பிற்கால மரபு தந்த பெயர்கள். ‘சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லி வைக்க விரும்புபவர்கள் ஆதிமந்தி, வெள்ளிவீதி, நச்செள்ளை என்று போகலாம். ஆதிரை மணிமேகலைக் காப்பியத்தில் வருபவள். அழைக்க எளிது, இப்போது பரவி வருகிறது.

இந்த வழியில் பெரிய இடறல், பாலும் பொருளும் மாறிப்போவது. எழினியைப் பெண் பெயர் என்று வைக்கிறார்கள், ‘இனி’ என்று முடிவதால். புறநானூற்றில் எழினி ஆண் பெயர். அதியமானின் மகன் பொகுட்டெழினி. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று வருவது மேடைத் திரைச்சீலை. பெண் குழந்தைக்கு வைக்கக் கூடாது என்றில்லை. தெரிந்து வைத்தால் நாளைக்குத் தமிழாசிரியர் கேட்கும்போது குழந்தை விழிக்க வேண்டியதில்லை. ஆதன் என்பதும் அப்படித்தான். சேரர் குடிப்பெயர், கீழடிப் பானையோட்டில் கிடைத்த பெயர், புகளூர்க் கல்வெட்டில் ஆதன் செல்லிரும்பொறை என்று வரும் பெயர். ஆனால் அகராதியில் ‘அறிவிலி, குருடன்’ என்ற பொருளும் சேர்ந்தே இருக்கும். சேரன் பெயர் என்ற பெருமை அந்தப் பொருளைவிடப் பெரிது என்று நினைப்பவர்கள் தயங்காமல் வைக்கலாம்.

ஆள் பெயர்களைவிட வளமான இடம் பூக்கள். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்கள் வரிசையாக வருகின்றன. குறிஞ்சி, முல்லை, தாமரை, வள்ளி தெரிந்தவை. அதிரல், மௌவல், பயினி, செருந்தி, காந்தள் ஆகியவை இன்னும் வகுப்பறைகளில் அரிதாகவே கேட்பவை. ஆனால் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது. குளவி அங்கே மணக்கும் பூ, இன்றைக்குக் கொட்டும் பூச்சி. நறவம் பூவும்தான், கள்ளும்தான். எருவை என்றால் பருந்து வகையும் நினைவுக்கு வரும். வானி என்று வைத்தால் வாழ்நாள் முழுக்க வாணி என்றே எழுதுவார்கள்.

சரிபார்க்க இரண்டு அகராதி வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் பழைய பொருள்கள் அனைத்தையும் தரும், இணையத்தில் தேடலாம். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய பொருளைத் தரும். முதலாவதில் நல்ல பொருள், இரண்டாவதில் ஒன்றுமில்லை என்றால் கவலையில்லை. இரண்டாவதில் கெட்ட பொருள் இருந்தால் விட்டுவிடுங்கள். குழந்தையோடு படிப்பவர்கள் யாரும் லெக்சிகன் புரட்டப் போவதில்லை.

புனையும் பெயர்கள்

இதில் இரண்டு வகை. ஒன்று, தமிழ்ச் சொல்லோடு ஒட்டு சேர்ப்பது: யாழினி, மகிழினி, தமிழினி. மற்றது, அப்பா பெயரில் பாதி, அம்மா பெயரில் பாதி எடுத்து ஒட்டி, முடிவில் ‘ஷ்’, ‘த்’, ‘ஷிகா’ சேர்ப்பது. முதல் வகையில் ஆபத்து குறைவு, கேட்பவருக்குச் சொல்லின் வேர் தெரியும். ஆனால் ‘இனி’ என்ற ஒட்டு இப்போது அளவுக்கு மீறிப் புழங்குவதால் அரிது என்ற நோக்கமே அடிபடுகிறது. இரண்டாவது வகைப் பெயர் உண்மையிலேயே உலகத்தில் ஒருவருக்குத்தான் இருக்கும். அதனாலேயே ஒவ்வொரு இடத்திலும் எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கும். கேட்பவர் தன் காதுக்குத் தெரிந்த பக்கத்துப் பெயரைத்தான் எழுதுவார்.

பெயர்த் தளங்களில் பொருள் பார்த்து எடுப்பது இதைவிட மோசம். அங்கே எல்லாப் பெயருக்கும் ‘ஒளி’, ‘இறைவனின் அருள்’, ‘அமைதி’ என்று ஏதோ ஒன்று போட்டிருப்பார்கள். ஆரவ் என்பதற்கு ‘அமைதியானவன்’ என்று இருக்கும். வடமொழியில் ஆரவம் என்றால் ஓசை, கூச்சல். நம் ஆரவாரமும் அதன் பக்கத்தில் நிற்கும் சொல்தான். அனயா என்பதற்கு ‘தனக்கு மேல் யாருமில்லாதவள்’ என்பார்கள். வடமொழிப்படி பார்த்தால் நயத்தின் எதிர்ச்சொல்: அநயம், கெட்ட நடத்தை, கேடு. ஓசை பிடித்து வைக்கிறோம் என்பவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. பொருளுக்காக வைக்கிறோம் என்பவர்கள் அகராதியில் பார்க்காமல் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டாம்.

நட்சத்திர எழுத்து

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், ஆக 108 எழுத்து. பஞ்சாங்கத்தில் இருக்கும் இந்த அட்டவணை க-வுக்கே நான்கு ஒலி வேறுபாடுள்ள வடமொழி எழுத்துமுறைக்குச் செய்தது. தமிழில் அந்த நான்குக்கும் ஒரே ‘க’. அதனால்தான் ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு ஜோதிடர் இரண்டு எழுத்து சொல்கிறார்கள். அவர்களில் யாரும் தவறு செய்யவில்லை, அட்டவணை தமிழுக்குள் சரியாக உட்காரவில்லை.

கார்த்திகை (அ, இ, உ, எ), மகம் (ம, மி, மு, மே), அனுஷம் (ந, நி, நு, நே) குழந்தைகளுக்குப் பிரச்சினையே இல்லை. சிக்கல் பூசத்திலும் ஆயில்யத்திலும். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ, ட. ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் எதுவும் ட-வில் தொடங்காது. திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கு ‘ங’ என்றே இருக்கும். அதில் தொடங்கிப் பெயர் வைக்க யாராலும் முடியாது. இந்த வீடுகளில்தான் கேட்டறியாத பெயர்கள் பிறக்கின்றன. ஆசைப்பட்டுத் தேடிய அருமை அல்ல, எழுத்துக்காக வளைத்ததால் வந்தது.

இதற்கு நம் வழக்கத்திலேயே பழைய தீர்வு இருக்கிறது. நட்சத்திரப் பெயரை நாமகரணத்தன்று குழந்தையின் காதில் சொல்லிச் சடங்குக்கு வைத்துக்கொண்டு, அழைக்கும் பெயரை வேறாக வைப்பது. 11-ஆம் நாள் சடங்கு செய்யும் பல வீடுகளில் இது இன்றும் உண்டு. எழுத்து விட்டுப்போனதே என்று மாமியார் வருந்தினால் இதைச் சொல்லிப் பார்க்கலாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சான்றிதழில் அழைக்கும் பெயர் மட்டும் ஏறட்டும். இரண்டையும் சேர்த்து ஏற்றினால் நீண்டுபோய், ஒரு ஆவணத்தில் ஒன்றும் இன்னொன்றில் மற்றதும் மட்டுமே நிற்கும்.

எண் கணிதம்

ஆறு வழிகளில் நாங்கள் பரிந்துரைக்காதது இது ஒன்றுதான். நம்பிக்கையைக் கேள்வி கேட்கவில்லை, ஆவணத்தில் வரும் தொல்லைக்காகச் சொல்கிறோம். தமிழ்நாட்டில் புழங்குவது பெரும்பாலும் கல்தேய முறை. ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை மதிப்பு, 9 எந்த எழுத்துக்கும் கிடையாது. ஏ, ஐ இரண்டுக்கும் 1, எல்லுக்கு 3, என், ஹெச் இரண்டுக்கும் 5. நிலா என்பதை என்-ஐ-எல்-ஏ என்று எழுதினால் 5+1+3+1, கூட்டுத்தொகை 10. கடைசியில் இன்னொரு ஏ போட்டால் 11. அதற்குப் பதில் ஹெச் போட்டால் 15. இப்படித்தான் ஊரெங்கும் இரட்டை ஏ-க்களும் தேவையில்லாத ஹெச்களும் முளைக்கின்றன.

கே என்ற இனிஷியலுக்கு மதிப்பு 2. அதைச் சேர்த்தால் மேலே சொன்ன 10, 12 ஆகிவிடும். இனிஷியலோடு கூட்ட வேண்டுமா, பெயரை மட்டுமா என்பதில் கணிப்பவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அதைவிட முக்கியம், கூடுதலாகச் சேர்த்த எழுத்து காதில் விழாது. சொல்லக் கேட்டு எழுதும் எந்தக் கைக்கும் அது வராது. பள்ளிச் சான்றிதழில் ஒரு ஏ, ஆதாரில் இரண்டு ஏ என்று நிற்கும் பிள்ளைகள்தான் பத்தாம் வகுப்புப் பதிவு நேரத்தில் இ-சேவை மையத்துக்கும் பள்ளிக்கும் நடக்கிறார்கள். அருமை பெயரில் இருக்கலாம், எழுத்துக்கூட்டலில் இருக்கக் கூடாது. எண்ணில் உறுதியாக இருப்பவர்கள் எழுத்தைச் சேர்ப்பதைவிட, இயல்பான எழுத்துக்கூட்டலிலேயே வேண்டிய எண் வரும் பெயரைத் தேடுவது நல்லது. கவின் என்பது இயல்பாகவே 15 வருகிறது.

வீட்டுப் பெரியவர் பெயர்

பலரும் தாண்டிப்போவது இது. இன்றைய எல்.கே.ஜி. வகுப்பில் பாட்டன் பூட்டன் பெயர்களைவிட அரிதானவை வேறு இல்லை. குறிப்பாகத் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் ஒரு புதையலே இருக்கிறது: பீட்டருக்கு இராயப்பன், பாலுக்குச் சின்னப்பன், யோவானுக்கு அருளப்பன், லாசருக்குத் தேவசகாயம். அடைக்கலம், ஆரோக்கியம் போன்றவற்றை இப்போது பிள்ளைகளுக்கு வைப்பவர் குறைவு. அருளப்பனை அருள் என்று சுருக்கினால் யாருக்கும் பழசாகத் தோன்றாது.

பெரியவர் பெயரை அப்படியே வைத்தால் ஒரு நடைமுறைச் சங்கடம் உண்டு. மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் பிள்ளையைத் திட்ட முடியாது. அதனால் வீட்டில் வேறு பெயரிட்டுக் கூப்பிடுவார்கள். நாளடைவில் அந்தச் செல்லப்பெயரே ஊருக்குள் நின்றுவிடும். பெயரில் ஒரு பகுதியை மட்டும் எடுத்தால் இது தீரும். மறுபக்கம், பிச்சை, குப்பை, மண்ணாங்கட்டி போன்றவை முன்பு பிறந்த பிள்ளைகள் தங்காத வீடுகளில் கண்ணேறு படாமலிருக்க வைத்தவை. பெண் பிறந்தது போதும் என்று ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ என வைத்தவையும் உண்டு. இவற்றை மரபு என்று மீட்டெடுக்க வேண்டியதில்லை.

தலைவர் பெயர்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோவியத் தலைவர் ஸ்டாலின் 1953 மார்ச் 5-ல் இறந்தார்; அதற்கு நான்கு நாள் முன்பு பிறந்த கருணாநிதியின் மகனுக்கு அந்தப் பெயர் வந்தது. லெனின், போஸ், நேரு எல்லாம் இப்படி வந்தவைதான். எழுதுவதும் கூப்பிடுவதும் எளிது. ஆனால் அந்தத் தலைவரைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்களோ அது பெயரோடு சேர்ந்தே வரும், பிள்ளை அதே கொள்கையில் வளரும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. உயிரோடு இருக்கும் தலைவர் என்றால் இன்னும் யோசிக்கவும். கட்சி மாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதும்போது

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் பெயர் இரு மொழியிலும் இருக்கும். எந்த வழியில் பெயர் எடுத்தாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலை அன்றே முடிவு செய்து, வீட்டில் எல்லோருக்கும் ஒரே வடிவத்தை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

த-வில்தான் அதிகக் குழப்பம். ஆதிரையை எழுதத் தஞ்சாவூர் தொடங்கும் இணையெழுத்தைப் போடுவதா, தருமபுரி தொடங்கும் இணையெழுத்தைப் போடுவதா? முதல் எழுத்து ஒரு ஏ-வா இரண்டா? நான்கு வடிவம் ஆகிவிட்டது. காதுக்குக் கேட்பது தருமபுரியின் ஒலி, அதையே எடுப்பது நல்லது.

ழ-வுக்குத் தமிழ்நாட்டில் கோழிக்கோட்டில் வரும் இசட்-ஹெச் இணைதான் வழக்கம். இலங்கைத் தமிழர் பெரும்பாலும் எல் போடுவார்கள், அங்கே யாழினியை எழுதும் விதமே வேறு. இசட்-ஹெச் பார்க்கும் வெளிமாநிலத்தவர் ‘ஸ’ என்றோ ‘ஷ’ என்றோ வாசிப்பார்கள். எல் என்றால் ‘ல’ என்பார்கள், கொஞ்சம் கிட்டத்தில் வரும். தமிழ்நாட்டுக்குள்ளேயே தெற்கே ‘யாளினி’ என்பதும், சென்னைப் பக்கம் ழ ‘ய’ ஆவதும் உண்டு. இதற்குப் பயந்து ழ உள்ள பெயரை ஒதுக்க வேண்டாம் என்பதே எங்கள் எண்ணம். ஆனால் ஒரே பெயரில் ழ, ஞ, ற்ற மூன்றும் வந்தால் பிள்ளைக்கு நாள்தோறும் வேலை.

முடிவு செய்யும் முன் இரண்டு சோதனை. தெருமுனையில் நிற்பவரைக் கூப்பிடுவதுபோல் உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். மூன்று அசைக்கு மேல் போனால் வீட்டார் தாமாகவே வெட்டுவார்கள். செங்குட்டுவன் ‘குட்டு’ ஆவான். அந்த வெட்டுப்பெயரும் உங்களுக்குப் பிடிக்க வேண்டும். அடுத்து, போனில் கொரியர்காரரிடம் சொல்லி அவர் என்ன எழுதுகிறார் என்று பாருங்கள். மூன்று பேரிடம் சொல்லி மூவரும் மூன்று விதமாக எழுதினால் அந்த எழுத்துக்கூட்டலை விட்டுவிடலாம்.

இனிஷியல் என்ன ஆகும்?

பாஸ்போர்ட்டில் இனிஷியல் எடுபடாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போடுவதே நம்மவர் வழக்கம். வெளிநாட்டில் பிள்ளையை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். பிடிக்காமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் சிக்கல் வேறு இடத்தில் வரும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசா எடுத்து வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தியது. அமெரிக்க விசாவில் முதற்பெயர் இல்லாதவர்களுக்கு ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கமான எஃப்.என்.யு. என்று அச்சாகும். நீளமான சங்கப் பெயர் வைப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள்: பாஸ்போர்ட்டின் அடியில் கருவி படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான், அப்பா பெயரும் இடைவெளிகளும் அதற்குள்ளே.

பெயரைச் சேர்க்கப் போகும்போது தமிழ், ஆங்கிலம் இரண்டையும் தட்டச்சிட்ட தாளாகக் கொண்டு போங்கள், கையெழுத்தில் வேண்டாம். ஒப்புதல் கொடுக்கும் முன் திரையிலோ அச்சிலோ ன-ண-ந, ர-ற, ல-ள-ழ மூன்று கூட்டத்தையும், குறில் நெடிலையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எழுத்துப்பிழை என்று அன்றே கண்டால் அங்கேயே திருத்திவிடலாம். ஆதார் எடுத்தபின் கண்டால் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும், பள்ளியில் சேர்த்தபின் மூன்று. வேறு பெயரே வேண்டும் என்றால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, அரசிதழில் வெளியிட்டு, அதைக் காட்டி ஒவ்வொரு ஆவணமாக மாற்றிக்கொண்டு போக வேண்டும்.